மிதோசுஜிக்குப் பணம் கட்டியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலக வேலையாக ஒசாகா போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நம்பாவிலிருந்து உமேதா வரை மிதோசுஜி சாலையில் நடந்தேன். சுமார் 4 கிலோமீட்டர், கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது. இருபுறமும் மஞ்சளாக மாறிய கிங்கோ மரங்கள். 1937இல் போட்டு முடித்த சாலையாம். இப்படி ஒன்றைச் செய்ய ஜப்பானியரின் ஒழுக்கம் வேண்டும், இல்லையென்றால் யாரும் எதிர்த்துப் பேசமுடியாத ஒரு சர்வாதிகாரி வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வண்டிகள் ஏன் தெற்கு நோக்கி மட்டும் போகின்றன?

கி.

அன்புள்ள கி.,

நடந்து பார்த்தீர்கள் என்பதற்காகவே உங்களுக்குப் பதில் எழுதலாம். ஒசாகா போகிறவர்களில் பலர் தோத்தோன்போரி கடைவீதியில், கைதூக்கி ஓடும் அந்த ஓட்டக்காரன் விளம்பரப் பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

வண்டி விஷயம் சின்னது. 1970இல் அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. நெரிசலைச் சமாளிக்க அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒருவழிப் பாதையாக்கினார்கள். அப்படியே இருந்துவிட்டது.

ஒழுக்கத்துக்கு வருவோம். ஜப்பான் என்றதும் அந்தச் சொல்லை எடுத்து வைத்துவிட்டு, மேற்கொண்டு யோசிக்காமல் எழுந்துபோய்விடுகிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும்தான். சர்வாதிகாரி ஆசையை என்னால் அவ்வளவு லேசாக விடமுடியாது. அவர் யார் வீட்டை இடிக்கவேண்டும் என்று நினைத்தீர்கள்? இடிபட்ட வீட்டுக்காரர் இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டார்.

மிதோசுஜியைப் போட்டவர் ஒரு பேராசிரியர். செகி ஹஜிமே. தோக்கியோவில் போக்குவரத்தும் சமூகக் கொள்கையும் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1914இல் ஒசாகாவுக்குத் துணை மேயராக வந்தார், 1923இல் மேயரானார். தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி ஓயாமல் கவலைப்பட்ட மனிதர். நகரசபையில் பேசி, ஒப்புதல் வாங்கித்தான் அவரால் எதையும் செய்யமுடிந்தது. வேலை 1926இல் தொடங்கியது. அதற்குமுன் அது செம்பா என்ற வியாபாரிகள் பகுதியில் சுமார் 6 மீட்டர் அகலத் தெரு. பெரிய கடைகள் கிழக்கு மேற்காகப் போகும் தெருக்களைப் பார்த்து இருந்தன, இது அவற்றின் பக்கவாட்டில் கிடந்த சந்து. அதை 44 மீட்டர் ஆக்குகிறேன் என்றார். ஊர் நடுவில் விமானம் இறக்கப் போகிறாரா என்று கேலி செய்தார்கள். அடியில் சுரங்க ரயிலும் தோண்டினார். 1933இல் அது ஓடத் தொடங்கியபோது ஒற்றைப் பெட்டிதான், நடைமேடையோ நீண்டு கிடந்தது. இன்று அதே தடத்தில் பத்துப் பெட்டி ரயில் ஓடுகிறது. நீங்கள் அதில் போயிருப்பீர்கள். யோதொயாபாஷி நிலையத்தில் தலையை நிமிர்த்தி அந்த வளைவுக் கூரையைப் பார்த்தீர்களா? சந்தேகம்தான்.

ஆனால் நான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருப்பது இதையெல்லாம் அல்ல, பணத்தை. சாலை வந்தால் ஓரத்து நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றம் யாருடையது? நிலக்காரர் அதற்காக ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. 1919இல் ஜப்பானில் வந்த நகரத் திட்டச் சட்டம், பயன்பெறுகிறவர்களிடமிருந்து செலவில் ஒரு பங்கை வாங்க இடம் கொடுத்தது. செகி அதைப் பிடித்துக்கொண்டார். சாலைக்கும் வாங்கினார், ரயிலுக்கும் வாங்கினார். வியாபாரிகள் சும்மா கொடுத்துவிடவில்லை. கடும் எதிர்ப்பு. நிலமும் போகவேண்டும், மிச்சமிருக்கும் நிலத்துக்குக் காசும் கட்டவேண்டும் என்றால் யாருக்குத்தான் எரியாது? உங்கள் ஒழுக்கமான ஜப்பானியர் அன்று போட்ட சத்தம் அது.

செம்பாவில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதியவரோடு, மொழிபெயர்க்க ஒரு நண்பரை வைத்துக்கொண்டு, ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறேன். அவருடைய தாத்தா சாகும்வரை அந்த மேயரைத் திட்டினாராம். “அப்புறம் சாலையைப் பார்த்த மனையை நல்ல வாடகைக்கு விட்டாரே, அப்போதுமா?” என்று கேட்டேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “வாடகை வந்த நாளில் மட்டும் திட்டமாட்டார்” என்றார். பிறகு எழுந்துபோய் எனக்காகத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அன்பான மனிதர். அவரிடம் அதற்குமேல் சண்டை போட எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பங்குத்தொகை இல்லாமல் மிதோசுஜியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை எனக்கு. மரம், அகலம், நேர்க்கோடு எல்லாம் வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் போடலாம். லாபம் அடையப்போகிறவன் வீட்டுக் கதவைத் தட்டி, உன் பங்கை எடு என்று கேட்கும் துணிச்சல்தான் அரிது. அதுவும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு. செகி 1935 ஜனவரியில் இறந்துவிட்டார். முடிந்த சாலையை அவர் பார்க்கவில்லை.

இப்போது ஓரத்துச் சிறு வண்டிப் பாதைகளை மூடி நடைபாதையோடு சேர்த்து வருகிறார்கள். நூறாவது ஆண்டான 2037க்குள் முழுச் சாலையையும் நடப்பவர்களுக்கே விட்டுவிடுவது மாநகராட்சியின் எண்ணம். ஓரத்து மனைகளுக்கு மறுபடி விலை ஏறும். இந்தமுறை யாராவது கதவைத் தட்டுவார்களா? அடுத்த தடவை அலுவலகம் அனுப்பினால் செம்பா பக்கம் போய் விசாரித்து எழுதுங்கள்.