வவ்வாலும் மண் பாக்டீரியாவும்

அன்புள்ள ஐயா,

சலீம் அலி வவ்வால் என்கிற அரிய பழவவ்வாலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டில் காபியும் மலைவாழையும் போட்டிருக்கிறேன். எனக்குச் சோறு போடுவது மண்ணிலிருக்கும் பாக்டீரியா. வவ்வால் இல்லாமல் போனால் என் தோட்டத்தில் என்ன குறையும்? கண்ணுக்குத் தெரிகிற பிராணி என்பதால்தானே அதற்கு இத்தனை சட்டமும் கட்டுரையும்? இன்னொன்று, எங்கள் ஓடைக்கு மேலே ஒரு பாறைப் பொந்தில் வவ்வால் அடைகிறது. அது இந்த வகையாக இருக்குமா? புகை போட்டுக் கிளப்பிப் பார்க்கலாமா?

மு., பண்ணைக்காடு

அன்புள்ள மு.,

பயனை வைத்துத் தராசு பிடித்தால் வவ்வால் தோற்கும். நான் மல்லுக்கட்டப் போவதில்லை. காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்துதான் எடுத்தார்கள். முதல் மழையின் மண்வாசனைகூட அந்தக் கூட்டத்தின் வேலைதான்.

ஆனால் அழியும் உயிர்களின் பட்டியல், யாரால் எவ்வளவு லாபம் என்று பார்ப்பதில்லை. போனால் திரும்பி வருமா என்று பார்க்கிறது. வேளாண் விரிவாக்க மையத்தில் அசோஸ்பைரில்லம் என்கிற பாக்டீரியா உரப் பாக்கெட் வாங்கி, ஆறிய கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டியிருப்பீர்கள். அந்த பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்துப் பெருக்கலாம், உறைய வைத்து வருஷக்கணக்கில் காப்பாற்றலாம், மறுபடி மண்ணில் விடலாம். சலீம் அலி வவ்வாலுக்கு அந்த வழி இல்லை. ஈற்றுக்கு ஒரே குட்டி. உலகத்திலேயே மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சில இடங்களில்தான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற பிராணி என்கிறீர்கள். தேனிப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மேகமலையில், 1948-இல் அங்கஸ் ஹட்டன் என்பவர் இந்த வவ்வாலைப் பிடித்தார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சாதாரணக் குறுமூக்குப் பழவவ்வால் என்ற சீட்டோடு அது 24 வருஷம் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்றார். கையில் இருந்தும் தெரியவில்லை!

நீங்கள் சொல்வதில் எனக்கு உறுத்துகிற இடம் வேறு. பாக்கெட்டில் அடைபடுகிற பாக்டீரியா கொஞ்சம்தான். பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதே இல்லை. ஒரு சோலைக்காட்டை அழித்தால் அந்த மண்ணில் எவை போயின என்று கணக்குச் சொல்ல ஆளில்லை. இந்த வவ்வாலின் குடலில் மட்டும் வாழ்கிற ஏதாவது இருந்தால், அதுவும் கூடவே போகும். அதற்காக பாக்டீரியா எல்லாமே நம் கட்சி என்றும் நினைக்க வேண்டாம். கொடைக்கானல் மேட்டில் புல்வெளியை விழுங்கிய சீகை (வாட்டில்) மரத்துக்கு வேர் முடிச்சிலிருந்து தழைச்சத்து ஊட்டுவதும் பாக்டீரியாதான்.

தோட்டத்தில் என்ன குறையும் என்றால், இந்த ஒரு வகையால் உங்களுக்கு நேரடியாக ஒன்றும் குறையாது. காபி பழுக்கும்போது நிழல் மரத்தடியில் சதை சப்பிய கொட்டைகள் வழவழவென்று கிடக்குமே, அது பெரும்பாலும் சாதாரணப் பழவவ்வால்களின் வேலை. இதே மாதிரி காட்டுக்குள் அத்தியையும் ருத்ராட்ச இனத்தையும் பரப்புகிறவற்றில் சலீம் அலி வவ்வாலும் ஒன்று.

அப்புறம் அந்தப் பொந்து. புகை வேண்டாம். குட்டியைச் சுமக்கும் தாய் பதறிப் பறக்கும், குட்டி கீழே விழும். சாதாரணக் குகைப் பழவவ்வாலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதற்குக் குட்டை வால் உண்டு. சலீம் அலி வவ்வாலுக்கு வாலே கிடையாது. வலை போட்டுப் பிடித்தும் பார்க்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் சலீம் அலி வவ்வாலும் இருக்கிறது. அந்தியில் வெளியே வரும்போது தள்ளி நின்று போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் காட்டுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.