விடுப்புக்கு அனுமதி கொடுத்தால் போதுமா?

அன்புள்ள அம்மா, எட்டுப் பேர் கொண்ட டிசைன் குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். வயதானவர்களுக்கான செயலி ஒன்றைச் செய்கிறோம். அவர்களோடு மணிக்கணக்கில் பேசி, கஷ்டங்களைப் புரிந்துகொண்டுதான் ஒவ்வொரு திரையையும் வரைகிறோம். ஆனால் என் குழுவில் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஒரு பெண்ணின் அப்பாவுக்கு ஆபரேஷன் என்பதையே அவள் அனுப்பிய லீவு விண்ணப்பத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உடனே அனுமதி கொடுத்துவிட்டேன். என்மேல் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. பிறர் மனதைப் புரிந்துகொள்வது பற்றிக் குழுவுக்கு ஒரு பயிலரங்கம் நடத்தலாமா?

பயிலரங்கம் வேண்டாம், தம்பி. அந்தப் பெண்ணின் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

கடிதம் முழுக்கத் தேடினேன், அது மட்டும் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, கூட யார் இருந்தார்கள், ஒன்றும் எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு எந்த எழுத்து மங்கலாகத் தெரிகிறது, எந்தப் பொத்தானில் விரல் தடுமாறுகிறது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அந்தப் பொத்தானை வரைகிற பெண்ணின் தகப்பன் ஆபரேஷனுக்குப் போனது மட்டும் ஒரு விண்ணப்பமாக வந்து, ஓர் அனுமதியோடு முடிந்துபோயிற்று. அதையே உங்கள் நல்ல மனசுக்குச் சாட்சியாக வேறு காட்டுகிறீர்கள். லீவு அவளுடைய உரிமை. அதைக் கொடுத்ததில் உங்களுக்கு என்ன பெருமை?

புகார் வராததையும் பெருமையாக நினைக்காதீர்கள். இன்று ஹார்வர்டு பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தவறை வெளியில் சொல்ல அங்கே யாரும் பயப்படவில்லை என்பதே அவர் கண்ட காரணம். உங்கள் குழுவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். போன இரண்டு பேரும் ஏன் போனார்கள் என்றுகூட உங்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் தொழிலிலேயே ஒன்று சொல்கிறேன். 1990-ல் வந்த ஆக்ஸோ சமையலறைக் கருவிகளின் தடித்த, மெத்தென்ற கைப்பிடிக்குக் காரணம் யார்? அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சாம் ஃபார்பரின் மனைவி பெட்சி. மூட்டுவாதத்தால் அவர் தோல் சீவியைப் பிடிக்க முடியாமல் தவித்ததைக் கணவர் கவனித்தார். பக்கத்தில் இருப்பவரின் வலி முதலில் கண்ணில் பட வேண்டும். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. மனிதர்கள் வேலைக்கு வருவதே வீட்டுக்காகத்தான். பெற்றவருக்கு உடம்பு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லக்கூட ஒரு பெண் தயங்கினால், குற்றம் தலைவருடையது.

இன்றே அவளுக்குப் போன் செய்யுங்கள். குறுஞ்செய்தி அனுப்பித் தப்பிக்காதீர்கள். அப்பாவைப் பற்றிக் கேளுங்கள், முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வேலைப் பேச்சு ஒரு வார்த்தை வரக்கூடாது. அவள் சுருக்கமாக முடித்துக்கொண்டால் துருவாதீர்கள். ஆய்வுக்கு வந்தவரிடம் கேட்பதுபோலக் கேள்விமேல் கேள்வி போட அவள் உங்கள் பயனர் அல்ல. குழுக் கூட்டத்தில் இதை இழுக்கவும் வேண்டாம். அவள் திரும்பி வந்ததும், எந்த வேலையை வேறு யாருக்காவது மாற்றலாம் என்று அவளிடமே கேட்டு, அன்றைக்கே மாற்றிக் கொடுங்கள். கெடு தள்ளிப்போனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.