மாடல் ரயில் எஞ்சினில் மரை போன ஸ்க்ரூ துளையைச் சரிசெய்வது எப்படி?

ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது, கொஞ்சம் தடிமனான ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். துளை இருப்பது பிளாஸ்டிக் தூணில் என்றால் அது நெடுக்காகப் பிளந்துவிடும்.

முதலில் ஒரு பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு ஆழம் பாருங்கள். பல எஞ்சின்களில் துளை, ஸ்க்ரூவின் நீளத்தைவிட ஆழமாகவே இருக்கும். தேய்ந்தது மேல் மரைதான்; அடியில் இருப்பது புதுசு போலவே இருக்கும். அதே தடிமனில், இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளமுள்ள ஸ்க்ரூ போட்டாலே பிடித்துக்கொள்ளும். அது மோட்டாரையோ சர்க்யூட் போர்டையோ முட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் பிடிக்கவில்லை என்றால், துளை பிளாஸ்டிக்கிலா உலோகத்திலா என்று பார்த்துத்தான் வைத்தியம்.

பிளாஸ்டிக்கில் லேசான தேய்மானம் என்றால் ஊசி முனையில் துளி சூப்பர் குளூ எடுத்து உட்சுவரில் தடவி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, அப்புறம் ஸ்க்ரூவைப் போடுங்கள். ஈரம் இருந்தால் ஸ்க்ரூவே ஒட்டிக்கொள்ளும். எஞ்சினின் ஜன்னல் கண்ணாடிகளை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். குளூவின் ஆவி பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். மரை அறவே போய்விட்டது, தூணும் போதுமான தடிமன் என்றால், துளையை 3.2 மி.மீ. ஆக்கி, அதே அளவு ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) குச்சியை வைத்து ஒட்டி, மறுநாள் 1.6 மி.மீ. துளை போட்டு எம்2 (2 மி.மீ. மெட்ரிக்) டேப்பால், அதாவது மரை வெட்டும் கருவியால், மரை வெட்டலாம். கையால் திருகியே துளையிடுங்கள். மின்சார டிரில்லின் சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடும்.

உலோகத்துக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். ஈரோடு ஷெட்டில் அல்கோ டீசல் எஞ்சின்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஆசையில் 1:87 அளவில் ஓர் அமெரிக்க அல்கோ மாடலைப் பழசாக வாங்கினேன். கப்ளரை, அதாவது பெட்டிகளை இணைக்கும் கொக்கியை, பிடித்திருந்த ஸ்க்ரூ தொட்டதும் கையோடு வந்துவிட்டது. நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய உலோகச் சுருள் ஒட்டியிருந்தது. அளந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அமெரிக்க மாடல்களில் பரவலாக இருப்பது 2-56 ஸ்க்ரூ: தடிமன் 2.18 மி.மீ., அங்குலத்துக்கு 56 மரை. அதில் யாரோ 2 மி.மீ. மெட்ரிக் ஸ்க்ரூவை முடுக்கியிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரை இடைவெளி ஒன்றில் 0.45, இன்னொன்றில் 0.4 மி.மீ. இரண்டு சுற்று கவ்வும், அப்புறம் சாமாக் என்ற துத்தநாகக் கலப்பு உலோகத்தை மென்று தின்றுவிடும்.

2.05 மி.மீ. டிரில்லால் துளையைச் சுத்தம் செய்து, எம்2.5 டேப்பால் புது மரை வெட்டினேன். ஒரு சொட்டு மண்ணெண்ணெய், அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே ஒடிந்துவிடும், அதை எடுப்பது பெரும்பாடு. மோட்டாரையும் பல்சக்கரங்களையும் ஒட்டும் நாடாவால் மூடிக்கொள்ளுங்கள், தூள் உள்ளே போகக்கூடாது. ஸ்க்ரூ தடித்துவிட்டதால் கப்ளர் பெட்டியின் துளையையும் கொஞ்சம் அகலமாக்க வேண்டியிருந்தது.

மிகப் பழைய மாடல் என்றால், உலோகத்தில் வறண்ட குளத்து மண் போல வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஈயக் கலப்பால் வரும் நோய் அது. அதில் மரை வெட்டினால் பொடிப்பொடியாகிவிடும், தொடாதீர்கள்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவை மாட்டும்போது ஒவ்வொரு முறையும் முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று லேசாக இறங்கும். பழைய மரையின் வாய் அங்கேதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் அதே தடத்தில் போகும், புதுத் தடம் வெட்டாது. திருப்புளியை இரண்டு விரலால் பிடித்து முடுக்கும் இறுக்கம் போதும்.