கொறங்காட்டில் இறங்கிய விமானம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

மருந்தடிக்கும் விமானம் பற்றிய உங்கள் கதையைப் படித்தேன். பருத்திக் காட்டுக்கு மேலே இன்ஜின் நின்றதும் விமானி டேங்கில் இருந்த மருந்தையெல்லாம் கொட்டிவிட்டு, எதிரே தெரிந்த கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) இறக்கிவிடுகிறான். கிளம்பிய ஓடுபாதை பின்னால் கூப்பிடு தூரத்தில்தானே இருந்தது? திரும்பியிருக்கலாமே. அடுத்தவன் காசில் வாங்கிய மருந்தை வீணாக்கியதும் சரியாகப் படவில்லை. எங்கப்பாவோ, "கெணறு இல்லாத காடாப் பாத்து எறங்குனானே, அதுவே பெருசு" என்கிறார்.

– உடுமலைப் பக்கத்து வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்கு என் வணக்கம். எழுதும்போது நான் பயந்ததும் கிணற்றுக்குத்தான். நம்மூர்க் கிணறு பலதும் கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரைமட்டத்தில் வாயைப் பிளந்து கிடக்கும். அடுத்த எமன், மோட்டார் ரூமுக்குப் போகும் கரண்ட் கம்பி. மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கம்பி தெரியாது. கம்பத்தை வைத்துத்தான் யூகிக்கணும்.

திரும்புவதைப் பற்றி. மருந்தடிக்கிற விமானம் பயிருக்குப் பத்தடி மேலேதான் பறக்கும். இன்ஜின் நின்றால் மிச்சம் இருப்பது வேகம் மட்டும். அதைக் கொடுத்துக் கொஞ்சம் உயரம் வாங்கலாம்; அவன் வாங்கியது நூறடி சொச்சம். 45 பாகை சாய்த்து வளைத்தால், இறக்கை தாங்குவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம் சுமார் 19 சதவீதம் கூடிவிடும். இருக்கிற வேகமோ குறைந்துகொண்டே வரும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இறக்கை கைவிட்டுவிடும், மூக்குக் குப்புற விழவேண்டியதுதான். ஓடுபாதைக்கு ஆசைப்பட்டுத் திரும்பி உயிரை விட்ட விமானிகள் ஏராளம்.

மருந்தைக் கொட்டியது கனத்தைக் குறைக்கத்தான். 400 லிட்டர் என்றால் ஏறக்குறைய 400 கிலோ. அதைக் கொட்டுவதற்கென்றே கைக்குப் பக்கத்தில் ஒரு லீவர் உண்டு. இழுத்தால் டேங்கின் அடிக்கதவு திறந்து சில நொடிகளில் காலியாகிவிடும். (காசு போகிறதே என்று எழுதும்போது எனக்கும் வலித்தது. கொங்குக்காரன்தானே.)

உழுத காட்டில் இறங்கினால் சக்கரம் புதைந்து குட்டிக்கரணம் அடிக்கும். கொழுக்கட்டைப் புல் மண்டிய கொறங்காடு கெட்டித் தரை. வெள்வேல மரத்தில் இறக்கை அடிபட்டாலும் பரவாயில்லை, உடம்புப் பகுதி இரண்டு மரத்துக்கு நடுவே போனால் போதும். அன்றைக்கு ஆடிக் காற்று வேறு, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து முகத்துக்கு நேரே அடிக்கிறது. எதிர்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், 100-ல் வருகிற விமானம் தரையைத் தொடும்போது 70-தான். மோதலின் ஆற்றல் பாதியாகிவிடும்.

நீங்கள் கவனிக்காத ஒரு தப்பு கதையில் இருக்கிறது. தீப்பிடிக்காமல் இருக்க, தரையைத் தொடும் முன் அவன் பெட்ரோல் வால்வை மூடி, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னட்டோவை அணைத்திருக்கணும். கிளுவை வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் நின்றதை எழுதிய ஜோரில் அதை விட்டுவிட்டேன். அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன்.