பம்பாங்கா ஜயன்ட் லான்டர்ன்ஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், மணிலாவுக்கு வடக்கே இருக்கிறது பம்பாங்கா மாகாணம். அங்கே கிளார்க் என்ற இடத்தில் வேலை பார்த்த நாட்களில் அந்த ஊர் கூடைப்பந்து அணியான ஜயன்ட் லான்டர்ன்ஸ் மேல் எனக்கு ஒட்டிக்கொண்ட பற்று இன்னும் விடவில்லை. போன வாரம் அணியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அணிக்கு ‘ராட்சத விளக்குகள்’ என்றா பெயர் வைப்பார்கள்? புலி, சிங்கம் எதுவும் கிடைக்கவில்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மாகாணத் தலைநகர் சான் பெர்னாண்டோவில் ஒவ்வொரு டிசம்பரிலும் ‘லிக்லிகன் பாருல்’ நடக்கும். கபம்பாங்கன் மொழியில் லிக்லிகன் என்றால் போட்டி, பாருல் என்றால் விளக்கு. ஊரின் ஒவ்வொரு பரங்காயும் (நம் வார்டு மாதிரி) ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் விளக்கைச் செய்து கொண்டுவரும். விளக்கு என்றதும் கையில் பிடிக்கிற அளவுக்கு நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாடி உயரம், ஆயிரக்கணக்கான பல்புகள்.

அதை இயக்குகிற விதம்தான் என்னை வாயடைக்க வைத்தது. விளக்குக்குப் பின்னால் பெரிய இரும்பு டிரம்கள் இருக்கும். அவற்றின் மேல் வரிசையாகக் கொண்டை ஊசிகள் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஊசியிலிருந்தும் ஒரு பல்புக் கூட்டத்துக்கு ஒயர் போகும். டிரம்மில் டேப் ஒட்டிய இடத்தில் மின்சாரம் பாயாது, ஒட்டாத இடத்தில் பாயும். பாட்டுக்கு ஏற்ப ஆட்கள் டிரம்மைச் சுழற்ற, முகப்பில் வண்ணங்கள் பூத்து விரிந்து சுருங்கும். எந்த இடத்தில் டேப் ஒட்டுவது என்ற கணக்கெல்லாம் அந்தக் கைவினைஞர்களின் தலைக்குள் இருக்கிறது.

ஒரு தெருவே சேர்ந்து செய்கிற பொருள் அது. அணிக்கு அதன் பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம். புலி எந்த ஊருக்கும் பொருந்தும். இந்த விளக்கு பம்பாங்காவுக்கு மட்டும்தான்.

கேள்வி: பிலிப்பைன்ஸ் லீக் என்றால் பிபிஏ தானே? அதில் இந்தப் பெயரைக் கேட்டதே இல்லையே.

கேட்டிருக்க முடியாது, லீக்கே வேறு. பிபிஏ 1975இல் தொடங்கியது, ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக். ஆனால் அதில் அணிகள் ஊர்களுடையவை அல்ல, கம்பெனிகளுடையவை. சான் மிகெல் என்பது பீர், ஜினெப்ரா என்பது ஜின். ஆட்டங்களும் பெரும்பாலும் மணிலாவைச் சுற்றியே நடக்கும். மாகாணத்து ஆட்களுக்கு அது டிவியில் பார்க்கிற விளையாட்டு.

பம்பாங்கா ஆடுவது எம்பிபிஎல்லில் (மஹார்லிகா பிலிபினாஸ் பாஸ்கெட்பால் லீக்). குத்துச்சண்டை வீரர் மேனி பக்கியாவ் 2017இல் நிறுவிய லீக், முதல் சீசன் 2018இல் 10 அணிகளோடு நடந்தது. பம்பாங்கா அடுத்த சீசனில் வந்து சேர்ந்தது, அப்போதே அணிகளின் எண்ணிக்கை 26 ஆகிவிட்டது. எல்லாம் நகரம் அல்லது மாகாணத்தின் பெயரில். முதலில் அரைத் தொழில்முறையாக இருந்த லீக், பிறகு அரசு உரிமம் பெற்று முழுத் தொழில்முறை ஆனது.

கேள்வி: ஊர் பெயரில் அணி என்பது அங்கே புதுசா?

இல்லை. பம்பாங்காவில் நாற்பது வயதைத் தாண்டியவர் யாரிடமாவது ‘டிராகன்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1998இல் எம்பிஏ (மெட்ரோபாலிட்டன் பாஸ்கெட்பால் அசோசியேஷன்) என்றொரு லீக் தொடங்கியது. சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம் என்ற முறை. அதன் முதல் சாம்பியனே பம்பாங்கா டிராகன்ஸ்தான். இறுதியில் நெக்ரோஸ் ஸ்லாஷர்ஸை வென்றார்கள். பயிற்சியாளர் ஆரிக் டெல் ரொசாரியோ.

ஆண்டைக் கவனியுங்கள். 1991இல் பினாதுபோ எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் மழையோடு சேர்ந்து சேறாக இறங்கி, 1995இல் பகோலோர் ஊரையே மூடியது. அங்கே இருக்கும் சான் கியெர்மோ தேவாலயம் இன்றும் பாதி புதைந்தபடிதான் நிற்கிறது. வீடும் நிலமும் போய், மூன்றே ஆண்டில் மாகாணத்தின் பெயரைச் சட்டையில் தாங்கி ஓர் அணி கோப்பை வாங்கியது. என்னிடம் அதைப் பற்றிப் பேசிய பெரியவர்கள் ஸ்கோரைச் சொல்லவில்லை, அன்று பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் சொன்னார்கள்.

அந்த லீக் 2002க்குப் பிறகு இல்லை. தீவு தீவாக அணிகளை விமானத்தில் ஏற்றி இறக்குகிற செலவு சாதாரணமா?

கேள்வி: இப்போதைய அணி எதுவும் ஜெயித்திருக்கிறதா அண்ணா?

2023, 2024 இரண்டு ஆண்டும் சாம்பியன். முதல் முறை பகோர் அணியையும், அடுத்த முறை கேசோன் ஹஸ்கர்ஸையும் வென்றார்கள். எம்பிபிஎல்லில் அடுத்தடுத்துக் கோப்பை வாங்கிய முதல் அணி இதுதான் தம்பி. இறுதி ஆட்டங்கள் வருவது டிசம்பரில், ஊரில் விளக்குகள் ஏறுகிற அதே மாதத்தில்.

கேள்வி: ஜஸ்டின் பல்தசார் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பம்பாங்காவின் மபலகாட்காரர். ஆறடி ஒன்பது அங்குலம். மணிலாவில் டி லா சால் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, ஜப்பானில் ஹிரோஷிமா அணிக்குப் போய், பிறகு சொந்த மாகாணத்துக்கு வந்தார். 2023இலும் 2024இலும் லீக்கின் சிறந்த வீரர். உயரம் மட்டும் அல்ல, ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுத்த கையோடு தானே பந்தைத் தட்டிக்கொண்டு மறுமுனைக்கு ஓடுவார். அவ்வளவு உயரமான ஆளிடம் அந்த லாவகம் அபூர்வம்.

2024 ஜூலையில் பிபிஏ டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் ஆளாக அவரைக் கன்வெர்ஜ் அணி எடுத்தது. பெரிய லீக் கூப்பிட்டாயிற்று. ஆனால் அவர் உடனே கிளம்பவில்லை. பம்பாங்காவோடு சீசனை முடித்து, இரண்டாவது கோப்பையையும் வாங்கிக் கொடுத்த பிறகே போனார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான்.

கேள்வி: மாகாண ஆளுநரே பயிற்சியாளராக இருந்தாராமே? அணிக்குள் அரசியல் நல்லதா?

உண்மைதான். டென்னிஸ் பினேடா ஆளுநராக இருந்தபோதே பயிற்சியாளராகவும் நின்றார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் போல நியமனம் அல்ல. பம்பாங்காவில் அரசியலும் கூடைப்பந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சான் பெர்னாண்டோவில் அணி ஆடுகிற அரங்கத்துக்கே பிரென் கியாவ் என்ற பழைய ஆளுநரின் பெயர்தான். அவர் மகன் யெங் கியாவ் பிபிஏவின் புகழ்பெற்ற பயிற்சியாளர், இதே மாகாணத்தின் துணை ஆளுநராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்.

நல்லதா என்று கேட்டால், எனக்குக் கவலைதான். ஊர் அணிகள் பலவும் உள்ளூர்த் தலைவர்களின் ஆதரவில் நிற்கின்றன. அவர்களுக்கு ஆர்வம் போனாலோ பதவி போனாலோ அணியின் கதி என்ன? அணி ரசிகர்களின் காசில் நிற்கப் பழகவேண்டும். டிக்கெட், சட்டை விற்பனை, உள்ளூர் வணிகர்களின் சிறு விளம்பரங்கள் என்று வருமானம் பரவினால்தான் டிராகன்ஸுக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேராது.

கேள்வி: குள்ளமானவர்கள் நாட்டில் கூடைப்பந்து ஏன் இவ்வளவு பெரிசு?

அமெரிக்க ஆட்சியில் பள்ளிகள் வழியாகவும் ஒய்எம்சிஏ வழியாகவும் வந்து வேர்விட்ட ஆட்டம். 1954 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியிருக்கிறார்கள். மற்றபடி, ஒரு கம்பமும் ஒரு வளையமும் போதும். தென்னை மரத்தில் பலகை அடித்து, ரப்பர் செருப்போடு ஆடுகிற பிள்ளைகளை எந்தச் சந்திலும் பார்க்கலாம். உயரத்தைப் பற்றி அவர்கள் யோசிப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அண்ணா, நான் தாவாவில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறோம். பம்பாங்காவுக்கு ஆதரவு கொடுக்கட்டுமா?

வேண்டாம் தம்பி! உன் பக்கத்திலேயே தாவாவ் ஒக்ஸிடென்டல் டைகர்ஸ் என்ற அணி உண்டு. கொரோனாவால் தள்ளிப்போன சீசனின் இறுதியை 2021 மார்ச்சில் சுபிக்கில் ஆடிக் கோப்பையை வாங்கியவர்கள். தெற்கே இருக்கும் சின்ன மாகாணத்தின் பெயர் அது. ஆட்டம் உன் பக்கம் வந்தால் விடுதிப் பிள்ளைகளோடு போ. பக்கத்து இருக்கைக்காரரிடம் எந்த ஊர் வீரர் எவர் என்று கேள். பரீட்சை இருந்தால் மட்டும் அடுத்த ஆட்டத்துக்குப் போய்க்கொள்.