ஐஸ்லாண்டிக்ல 'வளர்ச்சி'க்கு ஏன் இத்தனை வார்த்தை? எதை எங்க சொல்லணும்?

கேட்டவர் க்ரோத், டெவலப்மென்ட்னு இங்கிலீஷ் வார்த்தைங்களுக்கு எதிர்ல ஐஸ்லாண்டிக் அர்த்தம் போட்ட ஒரு லிஸ்ட்டை மனப்பாடம் பண்றாராம், ஒவ்வொண்ணுக்கும் வொக்ஸ்துர், த்ரொஸ்கி, த்ரோவுன், க்ரோவான்னு மூணு நாலு வருது, எதை எப்போ சொல்றதுன்னு பிடிபடலன்னு கேட்டிருக்கார். நானும் ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யவிக் வந்த புதுசுல இப்படி ஒரு லிஸ்ட்டை வச்சுட்டுதான் படிச்சேன், அந்த லிஸ்ட் எனக்குக் கைகொடுக்கல, கைகொடுத்தது ஒரு வாழைப்பழம்.

என் பொண்ணு இங்க லேய்க்ஸ்கோலி போறா. லேய்க்னா விளையாட்டு, ஸ்கோலின்னா பள்ளி, நம்ம ப்ரீஸ்கூல்தான். அவளுக்கு மூணு வயசு இருக்கும்போது பேரன்ட்ஸ் மீட்டிங், வீட்ல தமிழ் அங்க ஐஸ்லாண்டிக்னு இருக்கறதால பேச்சு லேட்டாகுதோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பெரிய கவலை, அதைக் கேக்கத்தான் முதல் நாள் ராத்திரியே உக்காந்து ஒரு வாக்கியம் தயார் பண்ணிட்டுப் போனேன். லிஸ்ட்ல டெவலப்மென்ட்டுக்கு முதல்ல இருந்தது த்ரோவுன், மொழிக்கு மவுல், ரெண்டையும் ஒட்டி 'மவுல்த்ரோவுன்'னு சொன்னேன். டீச்சர் கவனமா கேட்டுட்டு, "மவுல்த்ரொஸ்கி"ன்னு மெதுவா திருத்தினாங்க. ஒரு மொழி நூத்தாண்டு நூத்தாண்டா எப்படி மாறி வந்துதுன்னு பேசறப்பதான் மவுல்த்ரோவுன் வரும், குழந்தைக்குப் பேச்சு கைவர்றது மவுல்த்ரொஸ்கி.

எனக்கு வித்தியாசம் புரியலன்னு முகத்துலயே தெரிஞ்சிருக்கும் போல. அப்போ பிள்ளைங்களுக்குப் பழம் குடுக்கற நேரம், தட்டுல ஆப்பிளும் வாழைப்பழமும் நறுக்கி வச்சிருந்தாங்க, நறுக்காத ஒரு பழம் காம்புகிட்ட இன்னும் பச்சையா இருந்துது. அதை எடுத்துக் காட்டி "ஓவ்த்ரொஸ்காதுர்"னாங்க. ஓவ்னா 'இல்லாத', அதாவது பழுக்காதது. அப்பதான் விளங்குச்சு, த்ரொஸ்கின்னா பழுக்கறது. வெளியிலேர்ந்து நாம தள்ளி வர்ற விஷயம் இல்ல, உள்ளேயே அதோட நேரத்துல கனிஞ்சு வரணும். என் பொண்ணோட பேச்சையும் அந்த வார்த்தையாலதான் அவங்க பார்க்கறாங்கன்னு தெரிஞ்சதும் எனக்குப் பாதி பயம் போயிடுச்சு.

உடம்பு அசைவு பழகறதுக்கு ஹ்ரேய்வித்ரொஸ்கி, மத்தவங்களோட பழகற பக்குவத்துக்கு ஃபியேலாக்ஸ்த்ரொஸ்கி, எல்லாம் இதே குடும்பம். வயசுக்கு முந்தி விவரம் வந்த பிள்ளையை ப்ரவுத்த்ரொஸ்கான்னு சொல்வாங்க, சீக்கிரம் பழுத்ததுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல பிஞ்சிலே பழுத்ததுன்னா திட்டு, இங்க அது திட்டு இல்ல, அதனால யாராவது உங்க குழந்தையை அப்படிச் சொன்னா வருத்தப்படாதீங்க.

வொக்ஸ்துர் வேற மாதிரி. டேப்பாலயோ தராசாலயோ கணக்காலயோ அளக்க முடியற வளர்ச்சின்னு நான் ஞாபகம் வச்சுக்கறேன். உயரம் எடைக்கு அதுதான். ராத்திரி கால் வலிக்குதுன்னு பிள்ளைங்க அழறாங்களே அந்த வலி வாக்ஸ்தார்வெர்கிர், வளர்ச்சி வலிகள். நாட்டுப் பொருளாதார வளர்ச்சி ஹாக்வொக்ஸ்துர். பழத்துக்கே ஆவ்வொக்ஸ்துர், 'மேல வளர்ந்தது'ங்கற மாதிரி. வொக்ஸ்துரோட பன்மை வெக்ஸ்திர், அதுக்கு வட்டின்னும் அர்த்தம்! பேங்க்ல வர்ற லெட்டர்ல இந்த வார்த்தையைப் பார்த்துட்டு வளர்ச்சின்னு சந்தோஷப்படக்கூடாது, கட்டவேண்டிய வட்டியா இருக்கலாம். 2008 அக்டோபர்ல இங்க மூணு பெரிய பேங்கும் விழுந்தப்போ சென்ட்ரல் பேங்க் வட்டியை 18 சதவீதத்துக்கு ஏத்துச்சு, அந்த விகிதத்துக்குப் பேரு ஸ்திரிவெக்ஸ்திர். வட்டிக்கு வட்டிய வாக்ஸ்தாவெக்ஸ்திர்ங்கறாங்க, நம்ம தமிழ்ல சொல்றாப்லயே அச்சா. விலைவாசி ஏறறதை மட்டும் வளர்ச்சின்னு சொல்றதில்ல, வெர்த்போவ்ல்கா, விலை வீக்கம்! பணவீக்கம்னு நாம சொல்றதும் இதே எண்ணம்தானே, எங்கயோ அட்லான்டிக் நடுவுல இருக்கற மொழிக்கும் நமக்கும் ஒரே மாதிரி தோணியிருக்குன்னு எனக்கு அன்னிக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

வொக்ஸ்துர்னு ஆரம்பிக்கறது வாக்ஸ்தார்னும் வெக்ஸ்திர்னும் உயிரெழுத்து மாறிட்டே போகும், அதனால அகராதில தேடறப்போ கிடைக்கலன்னு விட்டுடாதீங்க, எல்லாம் ஒரே வார்த்தைதான். வினைச்சொல் வாக்சா. இதோட சொந்தக்காரன் இங்கிலீஷ்லயும் இருக்கு, வேக்ஸ்னு, ஆனா இப்போ பெரும்பாலும் நிலாவுக்கு மட்டும்தான் சொல்றாங்க. ஐஸ்லாண்டிக்ல வளர்பிறை வாக்ஸாந்தி துங்ல், வளர்ற நிலா.

த்ரோவுன் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. படிப்படியா ஒண்ணு இன்னொண்ணா மாறி வர்றது, டார்வின் சொன்ன பரிணாமத்துக்கும் அதே வார்த்தை, வளரும் நாடுகளுக்கும் அதே வார்த்தை, கம்பெனில ஆராய்ச்சியும் டெவலப்மென்ட்டும்னு சொல்றதுலயும் அதேதான். தானா உருவாகி வந்தா த்ரோவாஸ்த், ஆள் உக்காந்து உருவாக்கினா த்ரோவா, நம்ம வளர்றது வளர்க்கறது மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது க்ரோவா. இங்கிலீஷ் க்ரோ-வோட கூடப்பிறந்தது, ஆனா இங்க செடி முளைச்சுப் படர்றதும் புண் ஆறறதும் ரெண்டும் இதுதான். போன வருஷம் ஐஸ்ல வழுக்கி பொண்ணுக்கு முழங்கால்ல அடி, நர்ஸ் மருந்து வச்சுக் கட்டிட்டு அவ கண்ணைப் பார்த்து "தெத்தா க்ரைர்"னாங்க, இது ஆறிடும்னு. அப்புறம் புண்ணு மேல புதுத் தோல் ஓரத்துலேர்ந்து உள்நோக்கி மூடிட்டு வந்ததைப் பார்த்தப்போ, வெறும் மண்ணை ஓரத்துலேர்ந்து புல் மூடற மாதிரியேதான் இருந்துது. இதோட கிளை க்ரைதா, ஆற வைக்கறதும் அது, செடி வளர வைக்கறதும் அது, லாபம் சம்பாதிக்கறதும் அது. மண் அரிச்சுப்போய் பாலையான நிலத்துல திரும்பப் பச்சையைக் கொண்டுவர 1907லயே ஒரு அரசு அமைப்பை ஆரம்பிச்சாங்க, பின்னாடி அதுக்கு லாந்த்க்ரைத்ஸ்லான்னு பேரு வந்துது, நிலத்தை ஆற வைக்கற வேலைன்னு எடுத்துக்கலாம். ஜூன்ல ரோட்டோரம் ஊதா ஊதாவா லூப்பின் பூ பார்ப்பீங்க, அலாஸ்காலேர்ந்து கொண்டுவந்து அந்த வேலைக்குத்தான் விதைச்சாங்க.

இன்னொண்ணு, தினப்படி பேச்சுல குழந்தை வளர்ந்துட்டான்னு சொல்ல இந்த நாலுல எதுவும் அதிகம் வராது, ஸ்தைஹ்கான்னு ஒரு சாதாரண வார்த்தை, பெருசாகறதுன்னு அர்த்தம். எங்க வீட்டு சமையலறைக் கதவு நிலைல பென்சில் கோடு போட்டு வச்சிருக்கோம், மாசத்துக்கு ஒருதடவை முதுகை ஒட்டி நின்னுட்டு அவ கேக்கறது அந்த வார்த்தையாலதான், "அப்பா, ஸ்தைஹ்கா ஆயிட்டேனா?"ன்னு, பாதி தமிழ்லயும் பாதி ஐஸ்லாண்டிக்லயும்.