குளிப்பாட்டுவதற்கு முன் சிக்கைப் பிரித்துவிடுங்கள்

உங்கள் 9 மாத ஷிட்சு-பொமரேனியன் கலப்பு நாய்க்குட்டிக்குக் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி சிக்காகிவிட்டது, குளிப்பாட்டினால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். நனைந்து காய்ந்தால் சிக்கு இன்னும் இறுகிவிடும். இந்த வயதில் குட்டி முடி உதிர்ந்து பெரிய நாயின் முடி வளரும். உதிர்ந்த முடி வெளியே விழாமல் புது முடியோடு பின்னிக்கொள்கிறது, அதனால்தான் திடீரென்று இவ்வளவு சிக்கு.

கொஞ்சம் கார்ன்ஃப்ளார் மாவு தூவி, அடிமுடியைத் தோலருகே இறுகப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து விரலால் மெல்லப் பிரியுங்கள். அப்புறம் ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள பிரஷ்), கடைசியாக ஸ்டீல் சீப்பு. குட்டி பொறுமை இழந்தால் மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். சிக்கோடு தோலும் இழுபட்டிருக்கும், வெட்டுப்பட்டுவிடும். சீப்பே நுழையாத இடத்தை நாய்களுக்கு முடி வெட்டுபவரிடம் சொல்லி மழித்துவிடுங்கள், முடி பெரும்பாலும் திரும்ப வளரும். அடியில் தோல் சிவந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.